தட்டாமுந்தல் ரோடு சுருங்கின கதை

தட்டாமுந்தலுக்கும் சங்குப்பட்டணத்துக்கும் நடுவில் ரோடு ஒன்பது கிலோமீட்டர்தான் என்று கல்லில் கறுப்பு மையில் எழுதியிருந்தது. அந்தக் கல்லெல்லாம் பொய்யாகிப்போனது எந்த வருசம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டவுனில் கறந்த பால் ஊர் வந்து சேருமுன் திரிந்துபோக ஆரம்பித்த வருசம் என்று பால்காரர் சொல்வார். பத்து மணி ஆராதனைக்குக் கிளம்பின பாதிரியார் உச்சி வெயிலில் வந்து இறங்கி, கோயிலில் தூங்கிக்கொண்டிருந்த சனத்தைத் தட்டியெழுப்பிப் பிரசங்கம் பண்ணின வருசம் என்று கோயில் மணியடிக்கிற கோயில்குட்டியார் சொல்வார். எது எப்படியோ, ரோடு வளர்ந்தது. வாழைக்கன்று வளர்கிற மாதிரி, பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாமல், நாலு மாசம் கழித்துப் பார்த்தால் அடேயப்பா என்று சொல்லும்படி வளர்ந்தது.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. உப்பளத்து ஊர் அது. பாத்தியில் நிற்கிற கடல்தண்ணீர் வெயிலில் கிடந்து வெள்ளைக் கல்லாக மாறுவதைத் தினமும் கண்ணால் பார்த்து, வாருகோலால் வாரி, தலையில் சுமக்கிற சனத்துக்கு ரோடு வளர்கிறது ஒரு சங்கதியாகவே தெரியவில்லை. கட்டுச்சோற்றில் ஒரு உருண்டை கூடச் சேர்த்துக் கட்டினார்கள், அவ்வளவுதான். ரோட்டுவேலைக்காரர்கள் வந்தார்கள், அளந்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். நாலாம் கல்லுக்கும் அஞ்சாம் கல்லுக்கும் நடுவில்தான் ரோடு ஊறுகிறது என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு புதுக்கல் நட்டு "4அ" என்று எழுதினார்கள். அடுத்து "4ஆ" வந்தது, "4இ" வந்தது. 4இ கல்லுக்குப் பக்கத்தில் பஸ்ஸிலேயே பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஜெயசீலன் என்று பெயர் வைத்தும், பெற்ற தாய் உள்பட அத்தனை பேரும் நாலுஇ என்றுதான் கூப்பிட்டார்கள். புதுசாக முளைத்த பொட்டல் யாருக்குச் சொந்தம் என்று ரெண்டு குடும்பம் மண்டையை உடைத்துக்கொண்டது. இல்லாத இடத்துக்கு எப்படிப் பட்டா எழுத என்று கிராம அதிகாரி கையை விரித்துவிட்டதால், அதில் ஒடைமரம் முளைத்து ஆடு மேய்ந்தது. பொண்ணு எடுக்க வந்தவர்கள் பாதி வழியிலேயே வேறு ஊரில் பொண்ணு பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். பத்தொன்பது வருசத்தில் உயிரெழுத்து பன்னிரண்டும் தீர்ந்து, இந்த வருசம் ஆய்த எழுத்தையும் எழுதிவிட்டு, அடுத்த வருசம் எதை எழுத என்று பெயிண்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆட்கள் முழித்தார்கள். ஒன்பதும் பதிமூன்றும் இருபத்திரண்டு கிலோமீட்டர்.

அதே பத்தொன்பது வருசமாக ஜெபக்கனி ஓடவில்லை. ரெண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

குமரியாக இருக்கையில் அவள் பத்தாயிரம் மீட்டரில் மாவட்டத்துக்கு முதலாளாக வந்தவள். தினம் விடியலில் கோயில் வாசலில் கிளம்பி டவுன் பஸ் ஸ்டாண்டைத் தொட்டுவிட்டுத்தான் காலைச் சாயா குடிப்பாள். அப்புறம் கோயில்பிள்ளை என்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டாள், ரூத் பிறந்தாள். ஓட்டத்தை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஓடியிருப்பாள். ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் மழை. மூன்றாம் நாள் அளத்தில் ஆள் குறைவு, வா என்று கூப்பிட்டார்கள். நாலாம் நாள் அவளுடைய கேன்வாஸ் ஷூவை, உப்பு காலை அறுக்கிறது என்று நாத்தனார் மாட்டிக்கொண்டு போனாள். அப்படியே நின்றது. நின்றது என்று தெரியாமலேயே நின்றது. இப்போது நாற்பத்தொன்று வயசு, இடுப்பு அகன்றிருந்தது, ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது.

சர்க்கரையால்தான் எல்லாம் ஆரம்பித்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்த நாளில், முந்தானையில் பின்னைக் குத்திக்கொண்டே அவள் தெருமுக்குக்கு வர, காலை பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. "ஏ, நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள். நிற்கவில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பஸ் ஒடைமரங்களுக்கு அந்தப்பக்கம் மறைந்த பிறகும், ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமல், ஒன்றாம் கல் வரைக்கும் ஓடினாள். கல்லைப் பிடித்துக்கொண்டு வெறும் பித்தத்தை வாந்தியெடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, தன்னந்தனியாக அந்த வெயிலில் நின்று சிரிசிரி என்று சிரித்தாள்.

அன்றைக்கு பஸ் பத்து நிமிசம் முன்னாடியே டவுன் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் இசக்கியப்பன் தன் வாட்சைக் குலுக்கிப் பார்த்தார், டிரைவரைத் திட்டினார். டிரைவரோ பிள்ளையின் மேல் சத்தியம் பண்ணினார், வேகமாக ஓட்டவில்லை என்று. மறுநாளும் ஜெபக்கனி ஓடினாள், கால் கேட்டது, ஓடினாள். மறுநாளும் பஸ் சீக்கிரம் போனது. அஞ்சாம் நாள் இசக்கியப்பன் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டே வந்தார். ஆய்த எழுத்துக் கல்லைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கனி கோயிலுக்குப் போய்விட்டாள், ஓடவில்லை. திங்கட்கிழமை கல் பழைய இடத்தில் வெற்றிலை பாக்கு மென்றுகொண்டிருக்கிற கிழவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

இசக்கியப்பன் நேராக அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எக்கா, தப்பா நெனைக்காதிய. ஒங்க காலுக்கும் எங்க ரோட்டுக்கும் ஏதோ ஒட்டு ஒறவு இருக்கு."

"என்னவே சொல்லுதிய?"

"நீங்க ஓடுனா சுருங்குது. உக்காந்தா நீளுது. நான் கல்ல எண்ணிப் பாத்துட்டேன். இன்னொரு சங்கதி, யார்ட்டயும் சொல்லாதிய. பன்னெண்டு கிலோமீட்டருக்கு மேல போற கிராமத்து பஸ்ஸ எல்லாம் நிப்பாட்டப் போறானுவ. சித்திரை கடைசி திங்கக்கெழமை காலைல ஒம்பது மணிக்கு ஆபீசர் ஜீப்புல வந்து அளக்காரு. அளந்து எழுதிட்டாருன்னா அன்னிக்கே பஸ் முடிஞ்சுது."

யார்ட்டயும் சொல்லாதிய என்று அவர் சொல்லி முடிக்குமுன் பக்கத்துச் சுவரின் மேல் கருவாட்டுக்காரி செல்லக்கிளியின் தலை தெரிந்தது. அதனால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பஸ் நின்றால் யார் யார் வீட்டில் என்ன நிற்கும் என்று அன்றைக்கு ஒவ்வொருத்தரும் நினைத்துப் பார்த்தார்கள். ஜெபக்கனி நினைத்தது ரூத்தை. டவுன் காலேஜில் நர்சிங் முதல் வருசம் சேர்ந்திருந்தாள். இருபத்திரண்டு கிலோமீட்டரை நடந்தா போவாள்? அளத்துக்குத்தான் போவாள். உப்பு வாரப் போகிறவள் திரும்பிப் படிக்கப் போனதாக அந்த ஊரில் சரித்திரம் இல்லை. அன்று சாயங்காலம் ஜெபக்கனி புருசனிடம் சொன்னாள்: "ஏங்க, நான் ஓடப் போறேன். நாலு மாசம் இருக்கு."

கோயில்பிள்ளை உப்பு லாரிக்கு டிரைவர், அதிகம் பேசாத மனுசன். பீடியை வாயிலிருந்து எடுத்தார். "நான் என்ன செய்யணும்?"

"எனக்கு ஓட்டம் பழக்குன எமல்டா டீச்சர் அப்ப சொல்லிக்குடுத்தது ஒண்ணு இருக்கு. பேசிக்கிட்டே ஓடணும். பேச்சு திக்குச்சுன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம், கொறைக்கணும். நீங்க டிவிஎஸ்ஸுல கூடவே வாங்க. எதையாவது கேட்டுக்கிட்டே வாங்க."

"என்னத்தக் கேக்க?"

"பத்தொம்பது வருசமா எதுவுமே கேக்கலேல்லா, அதுல எதையாவது கேளுங்க."

இப்படியாக அந்த ரோட்டில் ஒரு வினோதமான ஊர்வலம் தினமும் காலை அஞ்சரை மணிக்குக் கிளம்பியது. ரூத்தின் பழைய சுடிதாரும் காலேஜ் ஷூவும் போட்டுக்கொண்டு ஜெபக்கனி மூன்று பனைக்கு ஓட்டம், ஒரு பனைக்கு நடை என்று கணக்கு வைத்துப் போவாள். பக்கத்தில் கோயில்பிள்ளை வண்டியைக் காலால் தத்தித் தத்தி உருட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு நீ ஏன் அழுத?"

"செருப்பு... கடிச்சுது."

"ஒத்தை ஒத்தை வார்த்தையா வருது. மெதுவா ஓடுட்டி."

நடந்தால் ரோடு சும்மா கிடந்தது. ஓடினால் சுருங்கியது. முதல் வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஆணி அடித்தாற்போல வலித்தது. ரெண்டாம் வாரம் விலாவில் குத்தியது. நடு ரோட்டில் குனிந்து நின்று, இந்த உடம்பு யாருடையது, என் உடம்பை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று கர்த்தரிடம் சண்டை போட்டாள். மூன்றாம் வாரம் ஒரு நாள், எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது, மூச்சு தானாக உள்ளே போய்த் தானாக வெளியே வந்தது, பனைமரங்கள் தம்பாட்டுக்குப் பின்னால் போயின. அன்றைக்குக் கோயில்பிள்ளை, "எங்கம்மைக்கும் ஒனக்கும் நடந்த சண்டைல யார் பக்கம் நியாயம்?" என்று கேட்க, ஏழாம் பனையிலிருந்து முப்பதாம் பனை வரைக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னாள். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. ஆய்த எழுத்துக் கல் போனது, ஔ போனது, ஓ போனது. ஊர்ப்பிள்ளைகள் எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் ஒப்பிக்கப் பழகின.

ஊர் இந்தச் சங்கதியை மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஒரு முட்டை என்று முறை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவித்த பனங்கிழங்கு வந்தது, கேப்பைக்கூழ் வந்தது. அளத்தில் அவள் பாத்தியை மற்றப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வாரிவிட்டார்கள். வேண்டுதல்களும் வந்தன. "மைனி, வெள்ளிக்கிழம எங்க வீட்ல சடங்கு. கொஞ்சம் கூட்டி ஓடுங்க, மதுரைக்காரவ வரணும்," என்று ஒருத்தி. "எக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓடாம இருந்துக்கிடுங்க, எம் மாமியா வாரேன்னு சொல்லிருக்கா," என்று ஒருத்தன், அக்கம்பக்கம் பார்த்துக் குசுகுசுவென்று. பாதிரியார் பத்தரைக்கெல்லாம் வர ஆரம்பித்ததால், அதுவரைக்கும் சாவகாசமாகத் தூங்கியெழுந்து கோயிலுக்கு வந்தவர்கள் ஜெபக்கனியின் மேல் லேசாக வருத்தப்பட்டார்கள். பால் திரியாமல் வந்தது. திரிந்த பாலில் மோர் விற்றுப் பழகிவிட்ட பால்காரருக்கு நல்ல பாலை என்ன செய்வதென்று கொஞ்ச நாள் தெரியவில்லை.

சித்திரை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை "4உ" கல் வரைக்கும்தான் எழுத்து பாக்கி இருந்தது. மொத்தம் பதினாலு கிலோமீட்டர். அன்றைக்கு முதல்முறையாக முழு ரோட்டையும் நிற்காமல் ஓடிவிடுவது என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். அப்படி ஓடினால் பன்னிரண்டுக்குக் கீழே வந்துவிடும். திங்கட்கிழமை ஆபீசர் வந்து அளந்துவிட்டுச் சாயா குடித்துவிட்டுப் போவார். நாலாம் கல் போனது, எழுத்துக் கற்கள் அஞ்சும் போயின, அஞ்சாம் கல் போனது. பேச்சு திக்கவில்லை. ஆறாம் கல்லுக்குப் பக்கத்தில் மைக்செட் சத்தம் கேட்டது.

பஞ்சாயத்துத் தலைவர் பிச்சைக்கனி நல்ல மனுசர்தான். அவருக்கு இருந்த ஒரே வியாதி பொன்னாடை. பத்தாங்கிளாஸ் பாசானவன், பல் டாக்டர், புதுசாக வந்த தாசில்தார் என்று யாரைக் கண்டாலும் அவர் கை தன்னால் ஜவுளிக்கடைப் பைக்குள் போகும். ரோட்டின் குறுக்கே வாழைமரம் கட்டி, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்.

"வெலகுங்க அண்ணாச்சி! நிக்கக்கூடாது!"

"ஒரே நிமிசம் தாயி! ஊரே காத்துக் கெடக்கு!"

ஒரு நிமிசம். அந்தப் பக்கத்தில் ஒரு பொன்னாடை போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தலைவர் போட்டார். உடனே உப்பளத் தொழிலாளர் சங்கம் போட்டது. அந்தச் சங்கத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு சங்கம் அதைவிடச் சரிகை கூடினதாகப் போட்டது. மாதர் சங்கம், இளைஞர் மன்றம், கோயில் கமிட்டி, கடைசியாக டீக்கடை நண்பர்கள். ஏழு பொன்னாடை. போட்டபின் நாற்காலியில் உட்காராவிட்டால் போட்டவருக்கு மரியாதைக் குறைவு. ஜெபக்கனி உட்கார்ந்தாள். வாழ்த்துரை நாற்பது நிமிசம் ஓடியது. ரோட்டையும் ரத்தத்தையும் ஒப்பிட்டுத் தலைவர் பேசிக்கொண்டிருக்கையில், தொடை ரெண்டும் காய்ந்த கருவாடு மாதிரி இறுகுவது அவளுக்குத் தெரிந்தது. முடிந்து எழுந்தபோது ஓட முடியவில்லை. டிவிஎஸ்ஸின் பின்னால் ஏழு பொன்னாடையோடு ஊர் திரும்பினாள்.

சனிக்கிழமை காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கின இசக்கியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை கல்லும் திரும்பி வந்துவிட்டன. ஆய்த எழுத்துக்கு அப்புறமும் ஒரு கிலோமீட்டர், கல்லே இல்லாத மொட்டைப் பொட்டல். இருபத்திமூன்று.

பிச்சைக்கனி அவள் வீட்டு வாசலில் வந்து தலைகுனிந்து நின்றார். "தாயி, நான் செஞ்சது நல்லதுன்னு நெனைச்சுத்தான்..."

"நல்லதுதான் அண்ணாச்சி. நின்னு கேட்டது நான்லா."

"இனி என்ன செய்ய? ரெண்டு நாள்ல எத்தனை எழுத்து போவும்?"

ஜெபக்கனி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "கொஞ்சங்கொஞ்சமா ஓடுனா கொஞ்சங்கொஞ்சமாக் கேக்குது. அந்தக் காலத்துல நான் முழு ரோட்டையும் ஒரே ஓட்டமா ஓடுவேன், அது ஒம்பதுக்கு மேல வளரவே இல்ல. முழுசா ஓடிட்டா முழுசாக் கேக்கும்னு தோணுது."

"இருபத்திமூணையுமா?" கோயில்பிள்ளை கேட்டார். "இதுவரைக்கும் பதினொண்ணுக்கு மேல ஓடுனதில்லையேட்டி."

"ஆமா."

"கேக்கலேன்னா?"

"கேக்கலேன்னா பஸ் போவும். ஓடாட்டாலும் போவும்." ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "நாளைக்கு முழுக்கத் தூங்கப் போறேன். எவளும் வந்து எழுப்பப்படாது."

ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்க, அதற்குமேல் வளர அலுத்துப்போய் ரோடும் கிடந்து தூங்க, ஊர் வேலை பார்த்தது. முன்னூறு பேரையும் இருபத்திமூன்று கிலோமீட்டருக்கும் பிரித்து நிறுத்தினார்கள். கையில் தண்ணீர், உப்பும் வெல்லமும் கரைத்தது, உரித்த பழம். ஓடுகிறவள் கையில் ஓடவிட்டே கொடுக்கவேண்டும், நில் என்று வாயைத் திறந்தவன் ஊரில் இருக்கக்கூடாது. பிச்சைக்கனிக்கு ஆடுமாடுகளை ரோட்டிலிருந்து விரட்டும் வேலை. ஒரு பை அவர் கக்கத்தில் இருப்பதைக் கண்டு அவர் பெண்சாதி அதைப் பிடுங்கி அடுப்படியில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அஞ்சரைக்குக் கோயில் மணி அடிக்க, ஜெபக்கனி கிளம்பினாள்.

முதல் அஞ்சு கிலோமீட்டர் விளையாட்டாகப் போனது. கோயில்பிள்ளை கேள்வி கேட்டார், பதில் வந்தது. பத்தாம் கிலோமீட்டரில், "ரோடு ஏதும் சுருங்குதா?" என்று அவள் கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். எல்லாக் கல்லும் அப்படியே நின்றன. "ஒரு சாண் கூட இல்லட்டி," என்றார், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன். பதினாலாம் கிலோமீட்டரில் செல்லக்கிளி வெல்லத்தண்ணீரை நீட்டினாள். வாயே மூடாத அந்தப் பொம்பளை, நில் என்று தப்பித்தவறி வந்துவிடக்கூடாதென்று வாயில் சேலைத்தலைப்பை அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றாள். மொட்டைப் பொட்டலில் நிழலே இல்லை, மண்ணுக்கே என்ன செய்வதென்று தெரியாத இடம். அங்கே ஜெபக்கனியின் வலது காலில் நரம்பு சுருண்டது. இழுத்துக்கொண்டு போனாள். அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கே கோபம் வரும், ஆனாலும் ரெண்டு கால் ஒரே சமயத்தில் மண்ணில் ஊன்றவில்லை. பதினெட்டுக்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அப்போது கோயில்பிள்ளை, ஒரு நாளில் இருபது வார்த்தை பேசாதவர், கேள்வியையும் கேட்டு அவள் பதிலையும் தானே சொல்ல ஆரம்பித்தார்.

"நான் லாரிக்குப் போனப்புறம் தனியா இருந்தியே, பயமா இருந்துதா? இருந்துது. ஏன் சொல்லல? நீங்க கேக்கல. ஏன் ஓட்டத்த விட்ட? விடல, அது பாட்டுக்கு நழுவுச்சு. பாத்துக்கிட்டுதான இருந்தேன், நான் ஏன் எடுத்துக் குடுக்கல? அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லட்டி. ஓடு. நீ ஓடு."

டவுன் தொடங்குகிற இடத்தில் ரயில்வே கேட். அவர்கள் கண்ணெதிரே அது மூடியது. உப்பு ஏற்றின சரக்கு வண்டி. அதற்கு வாலும் கிடையாது, அவசரமும் கிடையாது. கேட்டுக்கு முன்னால் டிராக்டர், ஆட்டோ, சைக்கிள் எல்லாம் நிற்க, பஸ் ஸ்டாண்டு அந்தப்பக்கம் கூப்பிடுதூரத்தில் இருக்க, ஜெபக்கனியின் கால் தயங்கியது.

"சுத்துட்டி!" என்று கத்தினார் கோயில்பிள்ளை. "நிக்காத! டிராக்டரச் சுத்து!"

சுற்றினாள். வைக்கோல் ஏற்றின அந்த டிராக்டரை, கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிறவள் மாதிரி சுற்றினாள். "என்னம்மா, நேர்த்திக்கடனா?" என்று டிராக்டர்க்காரன் கேட்டான். "ஆமாய்யா, நீ அசையாம இரு!" என்றார் கோயில்பிள்ளை. ஒன்பது சுற்று. சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி கடந்தது, கேட் கம்பு இடுப்புயரம் தூக்குமுன் குனிந்து நுழைந்தாள். தண்டவாளம் தாண்டி, பூக்கடை தாண்டி, எட்டு அம்பத்தாறுக்குச் சங்குப்பட்டணம் பஸ் ஸ்டாண்டின் முதல் தூணில் ரெண்டு கையையும் வைத்தாள்.

ரோடு மூச்சை விட்டது.

அப்படித்தான் சொல்வார்கள், அன்றைக்கு ரோட்டில் நின்றவர்கள். நெடுநாள் அடக்கிவைத்த மூச்சை ஒரு பெரிய மாடு விடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பொட்டல் கிடந்த இடத்தில் பொட்டல் இல்லை, ஒடைமரங்கள் இல்லை, எழுத்துக் கற்கள் ஒன்றுகூட இல்லை. அரை மைலுக்கு ஒரு கூட்டமாகத் தள்ளித் தள்ளி நின்ற சனமெல்லாம் ஒருத்தர் தோளில் ஒருத்தர் இடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றது. செல்லக்கிளியின் வெல்லத்தண்ணீர் முழுக்க பிச்சைக்கனியின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவள் வாயிலிருந்த சேலைத்தலைப்பை எடுத்துவிட்டு அவரையே கட்டிப்பிடித்துக் குலவையிட்டாள். நாலுஇ தலைமையில் பிள்ளைகள் டவுனைப் பார்த்து ஓடின.

ஒன்பது மணிக்கு ஆபீசர் ஜீப்பில் ஏறிப் போனார். அரை மணியில் திரும்பி வந்து, "ஒம்பது கிலோமீட்டர் ரோட்டப் போயி இருபத்திரெண்டுன்னு எழுதி வச்சிருக்கீங்களே, எவன்யா அந்தக் குடிகாரன்?" என்று ஆபீசில் இருந்தவர்களைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இசக்கியப்பன் திட்டு முழுவதையும் கச்சேரி கேட்கிற மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு ரூத் புத்தகப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து, அந்த ஷூ ரெண்டையும் கழற்றி, கொப்புளம் வெடித்த பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

டீக்கடைத் தம்பி சாயாவைக் கொண்டுவந்து வைத்தான். டவுன்காரனுக்குத் தட்டாமுந்தலில் என்ன சோலி? ரோடு வளர்ந்ததும் அவனுக்குத் தெரியாது, சுருங்கினதும் தெரியாது. சுடிதார் முழுக்க வேர்வை உப்பாய்ப் பூத்து, தூணில் சாய்ந்து, இன்னமும் மார்பு ஏறி ஏறி இறங்க உட்கார்ந்திருந்தவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"எங்கேர்ந்துக்கா ஓடி வாரிய?"

"தட்டாமுந்தல்."

"இந்தா இருக்கு தட்டாமுந்தல், ஒம்பது கிலோமீட்டர். அதுக்கா இப்படி மூச்சு வாங்குது?"

கோயில்பிள்ளை வண்டியை விட்டுவிட்டு எழுந்தார். முன்னூறு பேரையும் சாட்சிக்குக் கூப்பிட்டு, இருபத்திமூன்றுடா, ஒவ்வொரு அடியும் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல அவர் வாயைத் திறக்க, ஜெபக்கனி கையைத் தூக்கி அவரை அமர்த்தினாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலா வலிக்க, ரூத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, சாயா தளும்பித் தளும்பிக் கையில் வழியச் சிரித்தாள். பிறகு ஒரு வாய் குடித்தாள்.

"ஆமா தம்பி, ஒம்பதுதான்," என்றாள். "நாளைக்கு இவ்வளவு வாங்காது."